ஓரெழுத்து மாறினால் பொறுப்பும் மாறும்
படிவங்களில் வரும் ஆங்கிலச் சொற்கள்



சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் கடன் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "சும்மா சாட்சிக் கையெழுத்துதான், போடுங்க பாய்" என்றார். நானும் வாசிக்காமல் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துக்கு மேலே அச்சிட்டிருந்த சொல் 'விட்னஸ்' அல்ல, 'கேரண்டர்'. நண்பர் தவணை கட்டத் தவறியதும் நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது. ஏழு மாதத் தவணையை நான் கட்டினேன். அந்தப் பாடம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

1. விட்னஸ் – கேரண்டர்

விட்னஸ் என்றால் சாட்சி. 'இவர் கையெழுத்திட்டதை நான் பார்த்தேன்' என்பதோடு அவர் வேலை முடிந்தது. கேரண்டர் என்றால் ஜாமீன்தாரர். 'அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன்' என்று ஒப்புக்கொள்பவர். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128. 'ஷ்யூரிட்டி' என்று எழுதியிருந்தாலும் பொருள் இதுதான்.

2. பாரோ – லெண்ட்

தமிழில் 'கடன்' என்ற ஒரே சொல்லோடு 'வாங்கு', 'கொடு' என்று சேர்த்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். பாரோ என்றால் வாங்குவது, லெண்ட் என்றால் கொடுப்பது. எனவே பாரோயர் கடன் வாங்குபவர், லெண்டர் கொடுப்பவர். பிள்ளைகள் "வில் யூ பாரோ மீ எ பென்?" என்று கேட்பது தவறு. "வில் யூ லெண்ட் மீ எ பென்?" அல்லது "மே ஐ பாரோ யுவர் பென்?" என்பதே சரி.

3. எம்ப்ளாயர் – எம்ப்ளாயி

'அர்' என்று முடிந்தால் செய்பவர், 'ஈ' என்று முடிந்தால் பெறுபவர். எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயி வேலை பார்ப்பவர். டிரெய்னர் பயிற்சி தருபவர், டிரெய்னி பெறுபவர். காசோலையில் 'பேயி' என்பது பணம் பெறுபவர். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. 'அப்சென்டி' என்றால் வராதவர். ஆனாலும் பெரும்பாலான படிவங்களுக்கு இந்தக் குறிப்பு கை கொடுக்கும்.

4. எமிக்ரேஷன் – இமிக்ரேஷன்

நாட்டைவிட்டு வெளியே போவது எமிக்ரேஷன். வேறு நாட்டுக்குள் நுழைவது இமிக்ரேஷன். நம் விமான நிலையத்தில் புறப்படும்போது கடக்கும் கவுண்டருக்கும் இமிக்ரேஷன் என்றே பெயர் இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். பாஸ்போர்ட்டில் வரும் ஈ.சி.ஆர் என்பதில் உள்ள 'ஈ' எமிக்ரேஷனைக் குறிக்கும். பொதுவாகப் பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் இந்த வகை. இதை வைத்திருப்பவர் சவூதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, முன்கூட்டியே அரசின் எமிக்ரேஷன் அனுமதி பெற வேண்டும். "விசிட் விசாவில் போய்விடலாம், அனுமதி வேண்டாம்" என்று ஏஜென்ட் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். விசிட் என்றால் பார்த்துவிட்டு வருவது, எம்ப்ளாய்மென்ட் என்றால் வேலை. விசிட் விசாவில் போய் வேலை பார்த்து மாட்டிக்கொண்டால், சம்பளம் தராத முதலாளி மீது புகார் சொல்லவும் தயங்க வேண்டிய நிலை வரும்.

5. நாமினி – லீகல் ஏர்

வங்கிக் கணக்கில் நாமினி என்பவர், கணக்குதாரர் மறைந்தபின் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவர். லீகல் ஏர் என்றால் சட்டப்படியான வாரிசு. நாமினி பணத்தைக் கையில் வாங்கினாலும், அதில் வாரிசுகளின் பங்கு அழிந்துவிடாது. நிறுவனப் பங்குகளைப் பற்றி 2023-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்றது. "நாமினி நான்தான், எல்லாம் எனக்கே" என்று அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வராமலிருக்க, இந்த வேறுபாட்டை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

பயிற்சி (சரியான சொல்லைச் சொல்லுங்கள்)

அ. வீடு வாங்க வங்கியிடம் கடன் பெற்ற சலீம் யார்? பாரோயரா, லெண்டரா?
ஆ. காசோலையில் ஃபாத்திமாவின் பெயர், பணம் பெறுபவர் இடத்தில் உள்ளது. அவர் பேயரா, பேயியா?
இ. வேலைக்காகக் கத்தாருக்குப் புறப்படுவது எமிக்ரேஷனா, இமிக்ரேஷனா?

விடை: அ. பாரோயர். ஆ. பேயி. இ. நம் நாட்டைப் பொறுத்தவரை எமிக்ரேஷன்.

வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த முறை ஒரு படிவம் வரும்போது அதை அவர்களிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். கோடு போட்ட சொல்லுக்கு விளக்கம் கிடைத்த பிறகு பேனாவை எடுங்கள். "அவசரம், உடனே போடுங்க" என்று யார் சொன்னாலும், ஒரு நாள் அவகாசம் கேட்பதில் வெட்கமில்லை.