பரண் தளத்தை உயர்த்துதல்: ஒரு வெப்பவியல் பாடம்

பிரிட்டனில் உள்ள ஓட்டு வீடுகளில், அறைகளின் உட்கூரைக்கும் மேலேயுள்ள ஓடுகளுக்கும் இடையே பரண் ஒன்று இருக்கும். குளிர்காலத்தில் எரிபொருள் செலவிட்டே அவ்வீடுகளைச் சூடாக்க வேண்டும். காப்பு இல்லாத வீட்டில் அவ்வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூரை வழியே வீணாகிறது. இதனைத் தடுக்கவே பரணில் கண்ணாடி நாராலோ பாறை நாராலோ ஆன கம்பளியை விரிக்கின்றனர்.

காப்பது எது?

நார்களிடையே சிறைப்பட்ட காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. காற்று ஓர் அரிதிற் கடத்தி. ஆயினும் அது அசைந்தால் சலனத்தால் வெப்பம் பரவும். அவ்வசைவை நார்கள் தடுக்கின்றன.

தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தால் வெப்பத்தடை கிடைக்கும். கம்பளியின் கடத்துதிறனை 0.044 எனக் கொண்டால், 100 மி.மீ. தடிமனுக்குத் தடை சுமார் 2.3, அங்கு இன்று பரிந்துரைக்கப்படும் 270 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 6.1.

இடர்ப்பாடு யாது?

பல வீடுகளில் பரணின் அடிச்சட்டங்கள் 100 மி.மீ. உயரமே உடையவை. பெட்டிகளை அடுக்க விரும்புவோர் சட்டங்களின் மீதே பலகை அடித்தால், 270 மி.மீ. கம்பளி 100 மி.மீ. அளவுக்கு நசுங்கும், காற்று வெளியேறும். நெருங்கிய கம்பளியின் கடத்துதிறன் சிறிது குறையினும், மொத்தத் தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பலகைக்கு அடியில் நிகழும் இவ்விழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

தீர்வு

முதலில் சட்டங்களுக்கு இடையே 100 மி.மீ. கம்பளியை நிரப்புவர். அதன்மேல் 170 மி.மீ. கம்பளியைச் சட்டங்களுக்குக் குறுக்காக விரிப்பர். கம்பளியை விட மரம் வெப்பத்தை எளிதில் கடத்துமாதலால், சட்டங்களும் மூடப்படுவது நன்று. பின்னர்ச் சட்டங்களில் பொருத்திய பிளாஸ்டிக் கால்கள் அல்லது மரத்தாங்கிகள் மீது பலகைகளை அமைப்பர்.

கம்பளிக்கும் பலகைக்கும் இடையே சுமார் 50 மி.மீ. வெளி தேவை. எனவே பலகை, சட்டத்திலிருந்து 220 மி.மீ. உயரத்தில் நிற்கும். சமையலறை, குளியலறை ஆகியவற்றிலிருந்து எழும் நீராவியை இறவாரம் வழியே வரும் காற்று அகற்ற வேண்டும். அன்றேல் அது குளிர்ந்த பலகையின் அடியில் நீராகிப் படிந்து மரத்தை உளுக்கச் செய்யும். இறவாரத்தைக் கம்பளியால் அடைப்பதும் இதே காரணத்தால் தவறாகும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தளம் உயர்வதால் சட்டங்களின் வலிமை கூடுவதில்லை. ஆலையில் செய்த முக்கோணச் சட்டக் கூரைகள் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ சுமைக்கே திட்டமிடப்பட்டவை.

2. மின்கம்பிகளைக் கம்பளிக்குள் புதைத்தல் ஆகாது. அவற்றின் சூடு வெளியேறாது.

3. காப்பு மிகுந்தால் பரண் முன்னிலும் குளிரும். ஆகவே தண்ணீர்த் தொட்டியின் பக்கங்களையும் குழாய்களையும் போர்த்தி, தொட்டியின் அடியில் மட்டும் கம்பளியைத் தவிர்த்தால், கீழிருந்து எழும் வெப்பம் நீர் உறையாமல் காக்கும்.

கம்பளியை வாங்குவதோடு வேலை முடிவதில்லை. அது தன் முழுத் தடிமனில் இருக்க இடம் விட்டால்தான் செலவிட்ட பணத்திற்குப் பயன் கிட்டும்.