ஆச்சி பார்த்த பவளத் தீவு

ஆச்சியின் ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அவருடைய மகன் அந்தமானில் வேலை பார்க்கிறார். மகனையும் பேத்தியையும் பார்க்க ஆச்சி சென்னையில் கப்பல் ஏறினார். மூன்று நாள் கடலில் வந்து, போர்ட் பிளேரில் இறங்கினார். இந்த நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை படகுல ஒரு தீவுக்குப் போயிட்டு வருவோம். அரை நாள் போதும்" என்றார் மகன்.

"நான் பார்க்காத கடலா? கடற்கரையிலேயே பிறந்தவ நான்" என்று ஆச்சி சிரித்தார்.

"இது வேற ஆச்சி. கடலுக்கு அடியில இருக்கிறதெல்லாம் தெரியும்" என்றாள் பேத்தி.

சரி என்று ஆச்சியும் புறப்பட்டார்.

வண்டூர்ப் படகுத்துறை

போர்ட் பிளேரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் வண்டூர் இருக்கிறது. கேரளத்திலும் வண்டூர் என்று ஓர் ஊர் உண்டு. 1921ஆம் ஆண்டு மலபாரில் வெள்ளையரை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தது. அதில் பிடிபட்ட பலரை அந்தமானுக்கு நாடு கடத்தினார்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையே இங்கேயும் வைத்தார்கள். இங்கே உள்ள மஞ்சேரி, திரூர் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான்.

வண்டூரை ஒட்டிய கடலில் 15 தீவுகள் உள்ளன. இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1983ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. இதன் பெயர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா. சுமார் 281 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. இங்கே மீன் பிடிக்கக் கூடாது. எதையும் எடுக்கக் கூடாது.

பயணிகள் போய் வர இரண்டு தீவுகள் உண்டு. ஒன்று ஜாலிபாய். மற்றொன்று ரெட்ஸ்கின். மழை இல்லாத மாதங்களில் ஜாலிபாய் திறந்திருக்கும். மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட்ஸ்கின் தீவைத் திறப்பார்கள். வயலைத் தரிசு போட்டு ஆற விடுவது போல, ஒரு தீவுக்கு ஓய்வு கிடைக்கிறது.

மகன் வனத்துறையில் முன்பே அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். அதற்கு அடையாள அட்டை தேவை. படகுக்குத் தனிச் சீட்டு. சீட்டில் இருந்த தேதியையும் பெயர்களையும் ஆச்சி ஒருமுறை சரிபார்த்துக் கொண்டார்.

பையில் என்ன இருக்கிறது?

படகுத்துறையில் வனத்துறை ஊழியர் பைகளைச் சோதித்தார். ஆச்சி வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. பேத்தியிடம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தது.

"பாட்டிம்மா, பிளாஸ்டிக் எதையும் தீவுக்குக் கொண்டுபோகக் கூடாது" என்றார் ஊழியர்.

"ஒரு பைதானே தம்பி? நான் கீழே போட மாட்டேன்."

"காத்து அடிச்சா பறந்துடும் பாட்டிம்மா. கடல் ஆமை அதைத் தின்னா செத்துப்போகும்."

ஆமை இழுது என்னும் கடல் உயிரைத் தின்னும். அதைச் சொறி என்றும் சொல்வார்கள். தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பை இழுது மாதிரியே தெரியும். ஆமை ஏமாந்து விழுங்கிவிடும். குடல் அடைத்துக்கொள்ளும்.

ஆச்சிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் முறுக்கை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினார். தண்ணீருக்கு மகன் வேறு பாட்டில் வாங்கி வந்தார்.

அலையாத்திக் காடு

படகு புறப்பட்டது. முதலில் உப்பங்கழி வழியாகப் போனது. இரண்டு பக்கமும் அடர்ந்த மரங்கள். மரங்களின் வேர்கள் விரல்களைப் போலச் சேற்றில் ஊன்றி நின்றன. இதற்கு அலையாத்திக் காடு என்று பெயர். அலையை ஆற்றும் காடு. பெரிய அலை வந்தால் இந்த வேர்கள் அதன் வேகத்தைக் குறைக்கும். மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் இந்த வேர்களுக்கு இடையில்தான் வளர்கின்றன.

பேத்தி தண்ணீரைத் தொடக் கையை நீட்டினாள்.

"கையை உள்ளே வை பாப்பா! முதலை இருக்கு" என்று படகோட்டி சத்தம் போட்டார்.

அந்தமானில் உள்ளது உப்புநீர் முதலை. உலகிலேயே மிகப் பெரிய முதலை இனம் இதுதான். ஆற்று முகத்திலும் கழியிலும் வாழும். கடலிலும் நீந்தும். அதனால்தான் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

மேலே ஒரு பெரிய பறவை வட்டமிட்டது. வயிறு வெள்ளை. அது கடல் கழுகு. அந்தமானின் மாநில விலங்கு கடல் பசு. அது கடலுக்கு அடியில் வளரும் புல்லை மேய்ந்து வாழ்கிறது. இப்போது குறைந்துவிட்டது. எளிதில் கண்ணில் படாது.

கண்ணாடிப் படகு

சுமார் ஒரு மணி நேரத்தில் ஜாலிபாய் தெரிந்தது. வெள்ளை மணல். பச்சை மரங்கள். அங்கே குடியிருப்பவர் யாரும் இல்லை. பெரிய படகு தள்ளியே நின்றது. அங்கிருந்து ஒரு சிறிய படகில் ஏறினார்கள். அதன் அடிப்பகுதியில் கண்ணாடி பதித்திருந்தது.

ஆச்சி குனிந்து பார்த்தார். பேச்சே வரவில்லை.

கீழே மான் கொம்பு போல ஒன்று. மூளை போல மடிப்பு மடிப்பாக ஒன்று. மேசை போல ஒன்று. இடையிடையே மஞ்சள் மீன், நீல மீன், வரி மீன். ஒரு பெரிய சிப்பி வாய் திறந்து மூடியது.

"இந்தப் பாறைக்கெல்லாம் யார் சாயம் பூசினது?" என்று ஆச்சி கேட்டார்.

"இது பாறை இல்லை அம்மா. உயிர்" என்றார் படகோட்டி.

பவளம் என்பது மிகச் சிறிய உயிரினம். உடல் மெத்தென்று இருக்கும். அது தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பவள உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடுதான் பவளப்பாறை. பாறை போன்ற சில வகைகள் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஆச்சியின் உயரத்துக்கு ஒரு பாறை வளர நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்!

பவளத்தின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. அந்தப் பாசிதான் பவளத்துக்கு உணவும் நிறமும் தருகிறது. கடல் அதிகமாகச் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் செத்துவிடும். அந்தமான் கடலில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பவளங்கள் வெளுத்தன.

உலகக் கடல்களின் தரையில் பவளப்பாறை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கடல் உயிரினங்களில் சுமார் கால் பங்குக்கு அதுதான் வாழ்விடம்.

ஒரு சிறு கல்

தீவில் இறங்கினார்கள். டப்பாவைத் திறந்து முறுக்கு சாப்பிட்டார்கள். பேத்தி அழகான சங்கு ஒன்றை எடுத்தாள். உள்ளேயிருந்து கால்கள் நீண்டன. சங்குக்குள் ஒரு நண்டு குடியிருந்தது! அவள் பயந்து மெதுவாகக் கீழே வைத்தாள்.

ஆச்சி மணலில் கிடந்த வெள்ளைப் பவளக் கிளை ஒன்றை எடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும். ஊருக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டலாம் என்று நினைத்தார். முந்தானையில் முடிந்துகொண்டார்.

அங்கே நின்ற வனத்துறை ஊழியர் பார்த்துவிட்டார். அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"அதை வச்சிடுங்க பாட்டிம்மா. செத்த பவளமா இருந்தாலும் எடுக்கக் கூடாது. சட்டப்படி குற்றம்."

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு 2001 முதல் பவளத்துக்கும் உண்டு.

"ஒரு சின்னக் கல்லு. இதனால கடல் குறைஞ்சிடுமா?" என்று ஆச்சி கேட்டார். அவருக்குக் கொஞ்சம் கோபம்.

"நீங்க ஒருத்தர் எடுத்தா ஒண்ணும் இல்லை. வர்றவங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்தா?"

ஆச்சி பதில் சொல்லவில்லை. மணலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கடலையே பார்த்தார். பிறகு பேத்தியை அழைத்தார்.

"எங்க ஊர்ப் பக்கமும் இது இருந்துச்சு பிள்ளை. நாங்க பார்னு சொல்வோம். வள்ளத்துல போய் வெட்டி வருவாங்க. சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். வீடு கட்டப் போகும். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ வள்ளம் வள்ளமா வந்து இறங்கும். கடல்தானே, குறையவா போகுதுன்னு நினைச்சோம்."

"அப்புறம் ஆச்சி?"

"விலாங்குச்சல்லின்னு ஒரு தீவு இருந்துச்சு. இப்போ இல்லை."

ஆச்சி சொன்னது உண்மை. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் 21 தீவுகள் இருந்தன. அதையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே நெடுங்காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்துவிட்டார்கள். பாறைதான் தீவுக்கு வேலி. வேலி போனதும் அலை நேராக வந்து மண்ணை அரித்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. வான் தீவும் தேய்ந்து சிறுத்தது. அதைக் காப்பாற்ற அரசு கடலுக்குள் சிமெண்டால் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கியது. கடல் இலவசமாகத் தந்த வேலியை மனிதன் பணம் கொடுத்துக் கட்ட வேண்டியதாயிற்று.

ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பவளக் கிளையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

திரும்பும் வழி

பிற்பகலில் படகு வண்டூருக்குத் திரும்பியது. ஆச்சி காலி டப்பாவை மடியில் வைத்திருந்தார்.

"ஊர்ல எல்லாருக்கும் என்ன கொண்டுபோவீங்க ஆச்சி?" என்று பேத்தி கேட்டாள்.

"கண்ணால பார்த்ததைச் சொல்லுவேன். நம்பாதவங்க கப்பல் ஏறி வந்து பார்க்கட்டும். பார்க்கிறதுக்கு இது இருக்கணும்ல?"

பேசிப் பார்ப்போம்

1. தீவுக்குப் பிளாஸ்டிக் ஏன் கொண்டுபோகக் கூடாது?
2. பவளப்பாறை எப்படி உண்டாகிறது?
3. ஆச்சி பவளக் கிளையைத் திரும்ப வைத்தது ஏன்?
4. "கொஞ்சம் எடுத்தால் என்ன?" என்று நினைத்து நம் ஊரில் இழந்தது எது? ஆற்று மணலா, ஏரி மண்ணா, மரமா? குழுவில் பேசுங்கள். பேசியதை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.

சொல்லும் பொருளும்

உப்பங்கழி – கடல் நீர் உள்ளே வந்து நிற்கும் நீர்வழி
பார் – கடலுக்கு அடியில் உள்ள பாறைத் திட்டு
வள்ளம் – மரத்தால் செய்த படகு
காளவாசல் – சுண்ணாம்பு சுடும் சூளை