ரூர்க்கி: கால்வாயும் பொறியியல் படையும்

உத்தராகண்ட் மாநிலத்தின் ஹரித்வார் மாவட்டத்தில் அமைந்துள்ள ரூர்க்கி நகரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோலானி ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிற்றூரே. அவ்வூரை நகரமாக்கியது கங்கைக் கால்வாய். 1837-38இல் வட இந்தியாவை வாட்டிய பஞ்சத்தில் ஏறத்தாழ எட்டு லட்சம் மக்கள் மாண்டனர். அதன் பின்னரே கங்கை நீரை யமுனைக்கும் கங்கைக்கும் இடைப்பட்ட சமவெளிக்குத் திருப்பும் திட்டம் உருப்பெற்றது. 1842இல் தொடங்கிய பணி 1854 ஏப்ரல் 8 அன்று நிறைவெய்தியது. இதை வகுத்த பிராபி காட்லி, பொறியியல் படையினர் அல்லர். வங்காளப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்.

பணியின் கடுமை ரூர்க்கியிலேதான் மிகுதி. கால்வாய் இங்கே சோலானி ஆற்றைக் கடந்தாக வேண்டும். ஐம்பது அடி அகலமுள்ள பதினைந்து வளைவுகளின் மேல், ஆற்றுக்கு மேலே மற்றோர் ஆறு செல்வதுபோல் தொட்டிப்பாலம் எழுப்பப்பட்டது. அதன் இருபுறமும் கரைகளை உயர்த்தப் பெருமளவில் மண் தேவைப்பட்டது. அம்மண்ணைச் சுமக்க 1851இல் நீராவி எஞ்சின் ஒன்று தண்டவாளத்தில் ஓடியது. பம்பாய்-தாணா பயணிகள் ரயில் ஓடியது 1853இல்தான். செங்கல், சுண்ணாம்பு முதலியன பணியிடத்தை ஒட்டியே உருவாக வேண்டியிருந்தமையால் சூளைகளும் பட்டறைகளும் பெருகின.

கருவிகளும் பொருள்களும் கிடைத்தன. அவற்றைக் கையாளப் பயின்றவர் கிடைக்கவில்லை. இக்குறையை நீக்க 1847இல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆதரவு தந்த துணை ஆளுநர் ஜேம்ஸ் தாம்சனின் பெயர் 1854இல் அதற்குச் சூட்டப்பட்டது. ஆயினும் கல்வி எல்லார்க்கும் ஒருபடித்தாய் இல்லை. உயர் வகுப்பில் ஐரோப்பியரே பெரும்பான்மையினர். இந்திய இளைஞரில் பலர் நில அளவையும் வரைபடமும் கற்கும் கீழ்நிலை வகுப்பில் இந்துஸ்தானி மொழி வழியே பயின்றனர். இத்தடையை மீறி வந்தோருள் 1873இல் தேறிய கங்கா ராம் குறிப்பிடத்தக்கவர். லாகூரின் பல கட்டடங்கள் அவர் கைவண்ணம்.

கல்லூரி அமைந்த ஆறாண்டுகளில், 1853 நவம்பரில், 'வங்காள சாப்பர்கள்' எனப்படும் பொறியியல் படை ரூர்க்கிக்கு வந்து சேர்ந்தது. 1803இல் கான்பூரில் திரட்டப்பட்ட முன்னோடிப் படையே அதன் தோற்றுவாய். பாதை வகுத்தல், பாலம் கட்டுதல், அரண் தகர்த்தல் ஆகியவை அப்படையின் தொழில். இவற்றைப் பயில ஆறும் கால்வாயும் பட்டறையும் ஒருங்கே அமைந்த இடம் வேறு எளிதில் வாய்க்காது.

இப்படையின் மரபை வெற்றிப் பட்டியலாக மட்டும் சொல்வது முறையன்று. 1857 மே மாதத்தில் ரூர்க்கியிலிருந்து மீரட்டுக்குச் சென்ற சாப்பர்கள் பலர், தம் தளபதியைக் கொன்று கிளர்ச்சியில் சேர்ந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று தில்லியின் காஷ்மீர் வாயிலை வெடிவைத்துத் தகர்த்த குழுவிலும் வங்காள சாப்பர்கள் இருந்தனர். ஒரே படை, ஒரே பயிற்சி. ஆயின் நான்கு மாத இடைவெளியில் இரு வேறு பக்கங்கள். படை வரலாறு எழுதுவோர் இரண்டையும் எழுதவேண்டும்.

கால்வாய்க்கும் குறைகள் இருந்தன. சென்னைப் பொறியியல் படையினரும், காவிரி, கோதாவரி அணைக்கட்டுகளால் புகழ்பெற்றவருமான ஆர்தர் காட்டன், கால்வாயின் தலைப்பு அமைந்த இடத்தையும் மிகுதியான சரிவையும் கடுமையாகக் கண்டித்தார். சரிவு மிகுந்தமையால் நீரின் வேகம் அடித்தளத்தை அரித்தது. காட்லிக்கும் காட்டனுக்கும் இடையே நிகழ்ந்த இந்த விவாதம், நீர்ப்பாசனம் பயில்வோருக்கு இன்றும் நல்ல பாடமாகும்.

கல்லூரி 1949இல் பல்கலைக்கழகமாகவும், 2001இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாகவும் உயர்ந்தது. சாப்பர்களின் வழிவந்த வங்காளப் பொறியியல் குழுவும் மையமும் ரூர்க்கியிலேயே இயங்குகின்றன. தொட்டிப்பாலத்தைக் காக்கும் கற்சிங்கங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் நகரம் ஒரு மாநிலத்தினுடையது. கால்வாயின் நிர்வாகமோ உத்தரப் பிரதேச நீர்ப்பாசனத் துறையைச் சார்ந்தது. பாளையம் பாதுகாப்பு அமைச்சகத்திற்கும், கல்லூரிக் கட்டடங்கள் கல்வி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் கழகத்திற்கும் உரியன. பாலத்தைப் பழுதுபார்ப்பவரிடம் படையின் ஆவணம் இராது. படையின் அருங்காட்சியகத்தில் கால்வாயின் வரைபடத்தைத் தேடுவோர் ஏமாறக்கூடும். ஒரே தேவையிலிருந்து பிறந்த இம்மூன்றையும் பாதுகாக்க வேண்டுமாயின், முதலில் அவற்றின் பதிவேடுகளை ஓரிடத்தில் பொதுப் பட்டியலிட வேண்டியுள்ளது.