போனது 14, வந்தது 9

ஆகஸ்டில் ஹைதராபாத் மாரத்தான். அதற்கு நெடுந்தூர ஓட்டங்களை மே மாதமே ஆரம்பித்தாக வேண்டும். சென்னையில் மே என்றால் அக்னி நட்சத்திரம். அன்றைய ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு 28 கிலோமீட்டர்: திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பக்கமாக 14, திரும்பி வர 14. நாலு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டியவன், அலாரத்தை அமுக்கி அமுக்கி ஐந்து பத்துக்குக் கிளம்பினேன். அந்த எழுபது நிமிடத் தூக்கத்துக்கு எட்டு மணி வாக்கில் வட்டியோடு கட்டினேன்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் நிமிடம், நாடித்துடிப்பு 145. திரும்பிய பிறகு அதே வேகத்துக்கு 160 ஆனது, அப்புறம் 172. கால் களைத்ததால் மட்டும் இல்லை. ரத்தம் தசைக்கும் போக வேண்டும், உடம்புச் சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் போக வேண்டும். வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உள்ள நீரும் குறையும்போது இதயம் வேகமாக அடித்துத்தான் ஈடுகட்டும். கடலோரக் காற்றின் ஈரம் வேறு. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே போனால் வீண். என்னுடையது ஷூவுக்குள் இறங்கி, அடிக்கு ஒரு ‘சளக்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது.

23-வது கிலோமீட்டரில் கை மயிர் சிலிர்த்தது. கொளுத்துகிற வெயிலில் குளிர் எடுத்தால் வேறு யோசனையே வேண்டாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு நிழலைத் தேட வேண்டும். நானோ இன்னும் ஒரு விளக்குக் கம்பம், இன்னும் ஒன்று என்று போய், ஓர் இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏன் தம்பி, பஸ்ஸு வரலையா?” என்றார் அந்த அம்மா. கால்சட்டைப் பையிலிருந்து எடுத்த நூறு ரூபாய் நோட்டு கூழாகியிருந்தது. அதை வண்டிக் கம்பியில் ஒட்டிக் காயவைத்துவிட்டு இரண்டு காய் சீவிக் கொடுத்தார். மீதி ஐந்து கிலோமீட்டருக்கு நிஜமாகவே பஸ் ஏறினேன். சீட் ஈரமாகிவிடும் என்று கடைசிவரை நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் எடை போட்டால் கிளம்பியதைவிட இரண்டேகால் கிலோ குறைவு. வழியில் குடித்த ஒரு லிட்டரையும் சேர்த்தால் மூன்றேகால் லிட்டர் போயிருக்கிறது, மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கை எல்லோரும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும். அதற்காக இழந்ததை எல்லாம் வெறும் தண்ணீராகக் குடித்து நிரப்பப் போகாதீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது நீரிழப்பைவிட ஆபத்தாக முடியலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். நான் இப்போது ஓ.ஆர்.எஸ். கொண்டுபோகிறேன், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து. ருசிக்காகத் தண்ணீரைக் குறைப்பதும் கூட்டுவதும் கூடாது.

வேகத்தைக் காட்டும் திரையை மே, ஜூனில் அணைத்து வைத்துவிடுகிறேன். நாடி 155 தாண்டினால் நடை, இறங்கினால் ஓட்டம். முதல் வாரம் அவமானமாக இருக்கும். உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்துப் பதினாலு நாள் ஆகும். அதற்குள் அட்டவணையோடு மல்லுக்கு நிற்பது முட்டாள்தனம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாசலின் தடவ மறந்தவர்களுக்குக் குளிக்கும்போது தானாக நினைவு வரும்.

ஆனால் அன்றைய பெரிய தப்பு தூக்கமும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாதை. போய்த் திரும்பும் பாதையில் நன்றாக இருக்கும்போதுதான் வீட்டைவிட்டு விலகிக்கொண்டே போகிறோம். வெயில் ஏறி உடம்பு மக்கர் பண்ணும்போது வீடு பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அடுத்த வாரம் எங்கள் தெருவைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் வட்டம் ஒன்று போட்டேன், நாலு சுற்று. பாட்டில் கேட்டுக்குப் பக்கத்துத் திண்ணையில். மூன்றாவது சுற்றில் வாசலைத் தாண்டிப் போவதுதான் கஷ்டம். சரியாக அந்நேரம் பார்த்து உள்ளே தோசைக்கல்லில் ‘சொய்ங்’ என்று கேட்கும்.