கடைமடையும் கணினி வலையும்

பத்மநாபபுரம் புத்தனாற்றின் கடைமடையில் நீர் குறையுமாயின், அறிந்தவர் முதற்கண் கரைவழியே நடந்து பார்ப்பர். எம்மடை திறந்துளது, எங்கே கரை கசிகின்றது, இடையில் எவ்வயல் எவ்வளவு கொண்டது என்பன தெரியாமல் புத்தன் அணையில் நீரை மிகுத்து விடுவதாற் பயன் சிறிதே. தூரத்திலுள்ள கிளை நிலையங்களைத் தலைமை நிலையத்தோடு பிணைக்கும் கணினி வலைக்கும் இஃது ஒக்கும்.

இவ்வலையின் நெடிய இணைப்பை விரைவுபடுத்துதற்கென, அதன் இரு முனைகளிலும் கருவிகளை வைப்பதுண்டு. ஒருமுறை சென்ற செய்தியை அவை நினைவிற் கொண்டு, மறுமுறை அதன் குறியீட்டை மாத்திரம் அனுப்பும்; எஞ்சியதைச் சுருக்கி அனுப்பும். ஆனால் எவ்வெம்முகவரிகள் இப்பக்கத்தன, எவை அப்பக்கத்தன, இணைப்பின் கொள்ளளவு யாது, செய்தி போய்வர எத்துணை நேரமாகும் என்பவற்றை நாமே அதற்கு அறிவித்தல் வேண்டும். ஒரு கிளையின் முகவரிகளை விட்டுவிடின், அக்கிளையின் போக்குவரத்து உதவியின்றிச் செல்லும். அல்லது கணக்கிற் பிறழும். பின்னர் மின்னஞ்சல், கோப்பு, காணொளி என ஒவ்வொன்றும் சுருங்குமுன் எவ்வளவு, சுருங்கியபின் எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிடச் செய்தல் வேண்டும். மறைகுறியாக்கிய செய்தி பெரும்பாலும் சுருங்குவதில்லை. மொத்தக் கணக்கு ஒன்றையே நோக்குபவர்க்கு இது புலப்படாது. பலர் பொருள் கொடுத்து இணைப்பை அகலமாக்கிய பின்னரே கணக்கைப் பார்க்கின்றனர். இம்முறை நமக்கு உடன்பாடன்று.

வலையின் வடிவத்தை அறிவதன் அருமை தேனியில் நன்கு விளங்கிற்று. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கண் நிலையங்களோடு, கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர் வைஃபை வழியாக இணைத்தனர். நோயாளர் தம் ஊருக்கு அருகிலேயே இருக்க, மருத்துவர் தேனியிலிருந்தபடியே காணொளியில் அவரைக் கண்டு பேசுவார். ஆதலின் இணைப்பு விட்டுவிட்டு வருமாயின், ஒருவருடைய கண்ணைப்பற்றிய பேச்சே இடையில் அறுந்துபோகும்.

வைஃபையோ ஒரு வீட்டினுள் பயன்படுதற்கென அமைந்தது. ஒவ்வொரு செய்தித்துண்டையும் அனுப்பியபின், ‘பெற்றேன்’ என்னும் மறுமொழிக்கு அது சிறிது நேரமே காத்திருக்கும். தொலைவு 15 கிலோமீட்டர் எனக் கொள்வோம். நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும் அலை போய்வர, ஒரு நொடியின் 10,000-இல் ஒரு பங்கு ஆகும். இது நமக்குக் கண்ணிமைப்பினும் குறைவு, அக்கருவிக்கோ நெடுங்காலம். மறுமொழி வருமுன்னரே செய்தி தொலைந்ததெனக் கருதி, அது மீண்டும் அனுப்பும். மேலும், ஒரே கம்பத்திலுள்ள ஆன்டெனாக்களுள் ஒன்று அனுப்புகையில் மற்றொன்றாற் கேட்க இயலாது. இவ்விரண்டும் கருவியின் பழுதல்ல. வலையின் நீளத்தாலும் வடிவத்தாலும் நேர்வன.

ஆய்வாளர் கம்பத்திலுள்ள ஆன்டெனாக்கள் யாவும் ஒருங்கே அனுப்பவும் ஒருங்கே கேட்கவும் முறை வகுத்தனர். துண்டு தோறும் அன்றிப் பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரு மறுமொழி அமைத்தனர். வழியில் இழப்பு மிகுமிடத்து, மீட்டற்கு வேண்டிய உபரிச் செய்தியையும் உடன் அனுப்பினர். இதனால் வழக்கமான வைஃபையினும் 2 முதல் 5 மடங்கு மிகுதியாகச் செய்தி சென்றதென 2007-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை கூறுகின்றது. அலைவரிசை அதுவே, கருவிகளும் மலிவான அவையே.

ஆயினும் தொல்லை ஒழிந்திலது. 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு கட்டுரை, நேர்ந்த பழுதுகளிற் பெரும்பாலானவற்றிற்கு ஒழுங்கற்ற மின்சாரமே காரணமெனக் காட்டிற்று. அறுந்தது நெடிய இணைப்போ, அறையிலுள்ள கம்பியோ, மின்சாரமோ என்று சிற்றூர் நிலையத்திலுள்ளார் பிரித்தறிதல் எளிதன்று. இதன்பொருட்டு, ஒவ்வொரு நிலையத்துக் கருவியும் தன் நிலைமையின் கணக்கைத் தானே தொலைவிலுள்ளார்க்கு அனுப்பிவருமாறு செய்தனர்.