ஏற்றுமதித் திராட்சை: பழத்தின் சுத்தமும் வேலையாட்களின் நலமும்

பழத்தை அயல்நாட்டுக்கு அனுப்பி நல்ல விலை பெற வேண்டுமென்னும் விருப்பம் நமது விவசாயிகளிடையே வளர்ந்து வருகிறது. ஆனால் அயல்நாட்டு வியாபாரி பழத்தின் நிறம், பருமன், ருசி இவற்றை மாத்திரம் பார்த்து வாங்குவதில்லை. பழத்தில் பூச்சிமருந்தின் மிச்சம் உண்டா, அதைத் தொட்ட கைகள் சுத்தமானவையா, பறித்தவர்க்கு நியாயமான கூலி கிடைத்ததா என்பவற்றையும் எழுத்து மூலமாக அறிய விரும்புகிறான். இவற்றுள் ஒன்று தவறினும் சரக்குத் திரும்பிவிடும். இவ்விஷயத்தில் நமது தேசத்தில் மிகுந்த அனுபவம் பெற்றவர்கள் மகாராஷ்டிரத்து நாசிக் ஜில்லாத் திராட்சை விவசாயிகளே. ஆகையால் அவர்கள் சாகுபடியையே உதாரணமாகக் கொண்டு, அனுசரிக்க வேண்டிய முறைகளை இங்கே விவரிப்போம்.

1. 2010-ஆம் வருஷத்து நஷ்டம்

ஏற்றுமதிக்குரிய திராட்சைத் தோட்டங்களைப் பதிவு செய்து, பழத்தைப் பரிசோதித்து அனுப்பும் பொருட்டு, மத்திய அரசாங்கத்தின் ஏற்றுமதி அபிவிருத்தி ஸ்தாபனமாகிய அபீடா, 2006-ஆம் வருஷத்தில் ‘கிரேப்நெட்’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. இதன்படி ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலையார் தோட்டத்திலிருந்தே மாதிரி எடுத்துச் சோதிப்பர். தேறிய தோட்டத்தின் பழமே கப்பலேறும்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும், 2010-ஆம் வருஷத்தில் ஐரோப்பாவுக்குச் சென்ற பழத்தில் குளோர்மெக்வாட் என்னும் மருந்தின் மிச்சம் வரம்புக்கு மேற்பட்டுக் காணப்பட்டமையால், அனேகம் பெட்டிகள் நிராகரிக்கப்பட்டன. விவசாயிகள் பெருநஷ்டம் அடைந்தனர். இது பூச்சியைக் கொல்லும் மருந்தன்று. கொடியின் மிதமிஞ்சிய வளர்ச்சியை அடக்கிக் காய்ப்புமொட்டு உண்டாகும்படி தெளிப்பது. கவாத்துக்குப் பின் தெளித்தது பழத்தில் மாதக்கணக்காகத் தங்குமென்று பலர் நினைக்கவில்லை. நம்மவர் சோதிக்க வேண்டிய மருந்துகளின் ஜாபிதாவிலும் அப்போது அதன் பெயர் இல்லை.

இதனால் அறியத்தக்கவை இரண்டு. பூச்சிமருந்தாயினும், வளர்ச்சி மருந்தாயினும், கொடியின்மேல் படும் எதையும் கணக்கில் எழுத வேண்டும். நம்மூர்ச் சோதனையில் தேறிவிட்டதென்பதனாலேயே வாங்கும் நாட்டிலும் தேறிவிடுமென்று இருந்துவிடலாகாது; அந்நாட்டு வரம்பையே பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், தனி வரம்பு விதிக்கப்படாத மருந்துக்கு, ஒரு கிலோ பழத்தில் 0.01 மில்லிகிராம் என்பதே பொது வரம்பு. அதாவது நூறு டன் பழத்தில் ஒரே கிராம் மருந்து! சரியாகக் கழுவாத தெளிப்பான் தொட்டியிலும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து காற்றில் வரும் சாரலிலும் இவ்வளவு மருந்து வந்துவிடக்கூடும். ஆகையால், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே புட்டியின் சீட்டில் கண்ட நாட்களை ஒரு நாளும் குறைக்கலாகாது. அண்டை விவசாயியுடன் தெளிப்பு நாளைக் குறித்துக் கலந்து பேசுதலும் நலம்.

2. தெளிப்புப் பதிவேடு

ஒவ்வொரு தெளிப்புக்கும் அன்றைய தினமே எழுதி வைக்க வேண்டியவை:

(அ) தேதியும், சர்வே நம்பரும், தோட்டத்தின் பதிவு எண்ணும்;
(ஆ) எந்தப் பூச்சி அல்லது நோய்க்காகத் தெளிக்கப்பட்டது;
(இ) மருந்தின் பெயர், தயாரிப்பு எண், வாங்கிய ரசீதின் எண்;
(ஈ) மருந்தின் அளவும் தண்ணீரின் அளவும்;
(உ) தெளித்தவரின் பெயர்;
(ஊ) தோட்டத்துள் ஆட்கள் மீண்டும் பிரவேசிக்கக்கூடிய நேரமும், அறுவடை செய்யக்கூடிய முதல் தேதியும்.

மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்பிய பதிவேட்டைத் தணிக்கை செய்பவர் ஒரே மையினாலும் ஒரே கையெழுத்தினாலும் கண்டுகொள்வார். அதைவிட, பிழை நேர்ந்தபோது காரணத்தைக் கண்டுபிடிக்க அப்பதிவேடு உதவாது என்பதே பெரிய நஷ்டம்.

3. கிருமிகளால் வரும் அபாயம்

பழத்தைச் சமைத்து உண்பதில்லை. ஆதலால் அதில் ஒட்டிய கிருமி நேரே வயிற்றுக்குப் போகிறது. 2011-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் விளைந்த முலாம்பழத்தால் லிஸ்டீரியா என்னும் கிருமி பரவி, 147 பேர் நோயுற்று 33 பேர் மாண்டனர். சிப்பமிடும் கொட்டகையின் தரையில் தண்ணீர் தேங்கி நின்றதும், இயந்திரங்கள் எளிதிற் கழுவ இயலாதனவாக இருந்ததும், பழத்தின் சூட்டைத் தணியாமல் குளிர் அறையில் வைத்ததும் விசாரணையில் குறைகளாகச் சுட்டப்பட்டன. 2012-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஏறக்குறைய 11,000 பேர், அயல்நாட்டிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெரிப் பழத்தால் வாந்தியும் பேதியும் கண்டனர். அதற்குக் காரணமான நோரோ வைரஸ் பெரும்பாலும் மனித மலத்தினின்று உணவுக்கு வருவது.

ஆகையால் பழம் பறிக்கும் இடத்துக்கு அருகே கழிப்பிடமும், சோப்பும், கைகழுவ நல்ல தண்ணீரும் இருத்தல் வேண்டும். 20 ஆட்களுக்கு ஒரு கழிப்பிடமும் கைகழுவும் வசதியும், கால் மைல் நடைக்குள் இருக்க வேண்டுமென்பது அமெரிக்காவில் 1987-ஆம் வருஷத்திலேயே ஏற்பட்ட விதி. பேதி கண்டவரைப் பழம் தொடாத வேறு வேலைக்கு மாற்றுக. அன்றைய கூலியைப் பிடித்தால் அவர் நோயை மறைத்தே வேலைக்கு வருவார். மக்காத சாணத்தை அறுவடை நெருங்கும் காலத்தில் இடலாகாது. பழத்தைத் தரையில் குவித்தலும், கொட்டகைக்குள் நாய், கோழி, எலி நுழைய விடுதலும் கூடா. பறித்த திராட்சையை அன்றே சில மணி நேரத்துக்குள் குளிரச்செய்தால் காம்பு பசுமையாக இருக்கும். கிருமி பெருகுவதும் தாமதப்படும்.

4. வேலையாட்கள்

கூலியாட்களின் நலம் பழத்தின் சுத்தத்தோடு சேர்ந்தே கவனிக்கப்படுவதன் காரணம் மேலே சொன்னவற்றால் விளங்கும். ஐரோப்பியக் கடைக்காரர் பெரிதும் கேட்கும் குளோபல்-காப் என்னும் நற்சாட்சியுடன் ‘கிராஸ்ப்’ என்னும் தொழிலாளர் நலப் பரிசோதனையும் உண்டு. அதில் பார்க்கப்படுபவை: கூலிக் கணக்கு, வேலை நேரம், சிறுவர் வேலை செய்யாமை, குறை சொல்ல வழி இருத்தல் முதலியன. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்னும் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1958-ஆம் வருஷத்திலேயே ஒப்புக்கொண்டது. குழந்தைத் தொழிலைப் பற்றிய இரண்டு உடன்படிக்கைகளை 2017-ஆம் வருஷத்தில் ஏற்றது.

நாசிக் தோட்டங்களில் கவாத்துக்கும், குலை மருந்தில் முக்குவதற்கும் ஆட்கள் கூட்டமாக மலைத் தாலுக்காக்களிலிருந்து வருகின்றனர். நம் பக்கத்திலும் மேஸ்திரி மூலம் ஆள் திரட்டும் வழக்கம் உண்டு. மேஸ்திரியிடம் மொத்தத் தொகை கொடுத்துவிட்டோமென்று நிலச்சொந்தக்காரர் இருந்துவிடலாகாது. ஒவ்வோர் ஆளின் பெயர், வயது, வேலை நாள், பெற்ற கூலி இவற்றைத் தனித்தனியே எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். முன்பணம் கொடுத்திருந்தால் அதையும் எழுதுக. கடனைக் காட்டி ஆளை நிறுத்தி வைப்பது சட்டப்படி குற்றம். குலையை முக்குவோர்க்குக் கையுறையும், தெளிப்போர்க்கு முகமூடி, கண்ணாடி, முழுச்சட்டை, பூட்ஸ் இவையும் சொந்தக்காரரே கொடுக்க வேண்டும். தாயுடன் வந்த குழந்தை தெளித்த வரிசையில் விளையாடாதபடி தோட்டத்துக்கு வெளியே நிழலிடம் அமைத்தல் அவசியம்.

5. செலவும் கூட்டுறவும்

இவையெல்லாம் சிறு விவசாயிக்குப் பாரமல்லவா என்று கேட்கலாம். உண்மையே. கழிப்பிடம், சோதனை, நற்சாட்சி இவற்றின் செலவு முன்னதாக வருகிறது. அதிக விலையோ அறுவடைக்குப் பின்னரே வரும், சில வருஷம் வராமலும் போகும். தனியாக இப்பாரத்தைச் சுமப்பது அரிது. 1991-ஆம் வருஷத்தில் மகாராஷ்டிரத்துத் திராட்சைக் கூட்டுறவுச் சங்கங்கள் ‘மகாகிரேப்ஸ்’ என ஒன்றுகூடிக் குளிர் அறையையும் விற்பனையையும் பொதுவாக நடத்தியது இதற்கு நல்ல வழிகாட்டி.

கூட்டு நற்சாட்சியில் ஒரு நியாயத்தை மறவாதிருத்தல் வேண்டும். வெளியிலிருந்து வரும் பரிசோதகர் எல்லாத் தோட்டங்களையும் பார்ப்பதில்லை. அங்கத்தினர் 100 பேராயின், அதன் வர்க்கமூலமாகிய 10 தோட்டங்களையே பார்க்கிறார். அந்தப் பத்தில் ஒருவர் பதிவேட்டைப் பொய்யாக எழுதியிருந்தால் நூறு பேருடைய நற்சாட்சியும் ஆட்டங்காணும். ஆகையால் சங்கமே முதலில் ஒவ்வொரு தோட்டத்தையும் பார்வையிட்டுத் திருத்துதல் முறை.

கிராம உத்தியோகஸ்தர்கள் இதில் செய்யக்கூடிய உதவி பெரிது. சர்வே நம்பரும் அடங்கலும் தவறின்றி இருந்தால்தான் தோட்டப் பதிவு தடையின்றி நடக்கும். பள்ளி நாளில் தோட்டத்தில் காணப்படும் சிறுவரைப் பள்ளிக்கு அனுப்புமாறு சொல்வதும் அவர்களால் இயலும்.

நமது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே செல்கிறது. ஏற்றுமதி செய்யாதவர்க்கு இம்முறைகள் வேண்டாமென்று எண்ணலாகாது. மருந்து மிச்சத்துக்கு நமது தேசத்திலும் சட்ட வரம்பு உண்டு. அயலானின் வயிற்றுக்கு ஆகாதது நம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் ஆகாது. அடுத்த கவாத்துக்கு முன், ஒரு பதிவேடு, ஒரு கைகழுவும் தொட்டி, ஆட்களுக்கு ஒரு கூலிக் கணக்கு, இம்மூன்றையேனும் ஒவ்வொரு விவசாயியும் ஏற்படுத்திக்கொள்வாராக. மற்றவை படிப்படியாகக் கைகூடும்.