பழையதை நீக்கும் முறை

கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஒழுங்குற இயங்கச் செய்யும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். ஒரே பொறியில் இரண்டு இயங்குதளங்களை வைத்து, வேண்டியதைத் தேர்ந்து இயக்குதலும் உண்டு. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இருந்த பொறிகள் சிலவற்றில், 2009ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 7 இவ்வாறு இரண்டாவதாகக் குடிபுகுந்தது. எக்ஸ்பிக்கு அளிக்கப்பட்டு வந்த ஆதரவு 2014ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆகவே அதனை அழித்து, அஃது அடைத்திருந்த இடத்தை மீட்கப் பலர் விழைந்தனர்.

ஆயினும் அதில் ஓர் இடர் மறைந்திருந்தது. பொறி இயங்கத் தொடங்குங்கால் முதலில் நாடுவது தொடக்கக் கோப்புகளையே ஆகும். அத்தகைய பொறிகளில் விண்டோஸ் 7இன் தொடக்கக் கோப்புகள், வன்தட்டில் எக்ஸ்பி இருந்த முதற்பகுதியிலேயே பெரும்பாலும் அமைந்திருந்தன. அப்பகுதியை அழித்துவிட்டால், குறையேதுமில்லாத புதிய தளமும் இயங்காது. பின்கட்டில் வாழ்வோன் முன்கட்டை இடித்துத் தன் வாயிலையும் இழந்ததற்கு இஃது ஒப்பாகும்.

ஆதலின் அறிவுடையோர் முதற்கண் தம் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தனர். பின்னர்த் தொடக்கக் கோப்புகளைப் புதிய தளத்தின் பகுதியில் அமைத்து, அதனையே தொடக்கப் பகுதியாகக் குறித்தனர். பொறி அதிலிருந்து செவ்வனே இயங்குதலைக் கண்ட பின்னரே பழையதை அழித்தனர். ஒன்றை நீக்குமுன், அதனைச் சார்ந்து நிற்பன யாவை என ஆராய்தல் வேண்டும்.